நீர்வண்ணத்தில் குழந்தைகளுக்கான படப் புத்தகம் வரையலாம்: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

படப் புத்தகத்துக்கு வரைய ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்தப் பெயிண்ட் வாங்கலாம் என்றுதான். அதற்கும் வருகிறேன். ஆனால் பதிப்பாளர் முதலில் பார்ப்பது வேறு. ஒரு குழந்தையை முதல் பக்கத்தில் வரைந்தால், கடைசிப் பக்கம்வரை அதே குழந்தையாக உங்களால் வரைய முடியுமா? ஓடும்போதும் அழும்போதும் முதுகைக் காட்டி நிற்கும்போதும் அவள் அவளாகவே இருக்க வேண்டும். உங்கள் பயிற்சியில் பெரும்பகுதி இதற்கே போகட்டும்.

படி 1: எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் படியுங்கள்

விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் மத்தியப் பொது நூலகம் இருக்கிறது. ஒரு பை நிறையப் படப் புத்தகங்களை இரவல் எடுங்கள். எழுத்தைப் பார்க்காமல் பக்கங்களைப் புரட்டுங்கள். கதை புரிகிறதா? பக்கத்தைத் திருப்பத் தூண்டியது எது? பார்த்ததைக் குறித்து வையுங்கள்.

படி 2: பொருள்கள்

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள்கள் கிடைக்கும். கையில் இருக்கும் பணத்தை முதலில் காகிதத்தில் போடுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை 300 கிராம்), பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசாகச் சொரசொரப்பானது). மெல்லிய காகிதம் நனைந்ததும் நெளியும். என்ன பெயிண்ட் வாங்கியும் பயனில்லை. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, இரண்டு உருண்டை முனை பிரஷ். ஆரம்பத்துக்கு இது தாராளம்.

நம் ஊர் ஈரப்பதத்தை மறந்துவிடாதீர்கள். காகிதத்தைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் வையுங்கள். பெயிண்ட் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

படி 3: நம் பிள்ளையின் நிறம்

இதில் நிறைய நேரம் செலவிடுங்கள். ‘தோல் நிறம்’ என்று டியூபில் வரும் வெளிர் இளஞ்சிவப்பை வாங்க வேண்டாம். தேக்காவில் அம்மாவின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது.

பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் கலந்து, நிறைய தண்ணீர் விட்டு, முகம் முழுவதும் ஒரே பூச்சு பூசுங்கள். மூக்கு நுனியிலும் கன்னத்திலும் வெளிச்சம் படும் இடத்தை மட்டும் பூசாமல் விடுங்கள். நீர்வண்ணத்தில் காகிதம்தான் வெள்ளை. அப்புறம் காய விடுங்கள். நம் ஊரில் இதற்கு நேரமாகும். விரலின் பின்பக்கத்தால் காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போட்டால் கீழே உள்ளது கலைந்து சேறாகிவிடும். காய்ந்த பிறகு, அதே கலவையில் துளி அல்ட்ராமரைன் சேர்த்துத் தாடைக்கு அடியிலும் முடியோரத்திலும் நிழல் கொடுங்கள். கறுப்பைச் சேர்த்தால் முகம் செத்துவிடும்.

கலவையைச் சிறு துண்டுக் காகிதத்தில் பூசி, விகிதத்தைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பத்தாவது பக்கம் வரையும்போது அந்தத் துண்டு கைகொடுக்கும்.

படி 4: முப்பத்திரண்டு பக்கம்

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் எட்டின் அல்லது பதினாறின் மடங்காகப் பக்கங்கள் அமைகின்றன. தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்குச் சுமார் 14 விரிபக்கங்கள் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் சேர்ந்து ஒன்று) கிடைக்கும். ஒரே தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, முழுக் கதையையும் பென்சிலில் வரையுங்கள். கதைக்கு எங்கேயும் போக வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளம், மின்தூக்கி, மைனா, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் இருக்கின்றன.

சில விஷயங்களை இப்போதே முடிவு செய்யுங்கள். தமிழ் வரிகள் இடம் பிடிக்கும். இருமொழிப் புத்தகமென்றால் இன்னும் அதிகம். ஆகவே வானமோ சுவரோ, வெளிறிய இடம் ஒன்றை விடுங்கள். எழுத்தை நீங்கள் வரைய வேண்டாம், அது தனியாகச் சேரும். முகம் நடு மடிப்பில் விழக்கூடாது. வெட்டும்போது ஓரம் போகும். நாலு பக்கமும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் பூசுங்கள்.

படி 5: பதிப்பாளருக்கு அனுப்புவது

மூன்று விரிபக்கங்களை முழுதாக முடியுங்கள். மூன்றிலும் அதே குழந்தை, வேறு வேறு உணர்ச்சி. குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்தால் வெள்ளை மஞ்சளடிக்கும். மீதிக் கதையின் பென்சில் கட்டங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அசல் ஓவியங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

சிங்கப்பூர் புத்தக மன்றம் 2010 முதல் நடத்திவரும் ஏஎஃப்சிசி என்ற ஆசியச் சிறுவர் நூல் விழாவுக்குப் போங்கள். பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். கதை எழுதத் தெரிந்து படம் போடத் தெரியாத தமிழ் எழுத்தாளர் ஒருவரைச் சந்தித்தாலும் லாபம்தான்.

வேலை கிடைத்தால், கையெழுத்துப் போடுமுன் பதிப்புரிமை யாருக்கு, எத்தனை முறை திருத்தம், பணம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையை இங்கே தந்திருக்கிறது. அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் வருமா என்று தயங்காமல் கேளுங்கள்.