அபூர்வமாக ஓட்டும் காரா? பேட்டரி விஷயத்தில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சிங்கப்பூரில் கார் வாங்கக் கொட்டும் காசை நினைத்தால் தினமும் ஓட்டத்தான் தோன்ற வேண்டும். நடப்பு வேறு. வேலைக்கு எம்ஆர்டி ரயில், மார்க்கெட் புளோக்குக்குக் கீழேயே, கார் மட்டும் பல மாடி கார் பார்க்கில் வாரக்கணக்கில் தூசி படிந்து நிற்கும். நெரிசல் இல்லாத நேரத்துக்கான சிவப்பு நம்பர் பிளேட் ('ஆஃப்-பீக்') வண்டி என்றால் வார நாட்களில் காலை 7 முதல் இரவு 7 வரை தனியாகக் காசு கட்டாமல் ரோட்டில் இறக்கவே முடியாது. இப்படி நிற்கிற வண்டியில் முதலில் மண்டையைப் போடுவது பேட்டரிதான். அதிலும் பாதி, நல்லது செய்வதாக நினைத்து நாம் செய்கிற வேலையால்.

முதல் தவறு, எல்லோரும் செய்வது: ஊருக்குக் கிளம்பும்போது சாவியை மச்சானிடம் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பூட்டி வைத்த காரும் சும்மா இருப்பதில்லை. அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை இதில்தான் அளப்பார்கள்), இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 17. சின்ன காரில் இருப்பது 45 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, இதில் பேட்டரி தானாகவே இழப்பதைச் சேர்க்கவில்லை. ஐந்து நிமிடம் எஞ்சின் ஓடினால், ஸ்டார்ட்டர் அந்த ஒரு நொடியில் எடுத்தது வேண்டுமானால் திரும்பி வரும். இரண்டு வாரமாகக் கசிந்தது வராது. மச்சான் ஏசியையும் போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். போதாததற்கு, நிறுத்திய வண்டியில் காரணமில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு.

ஓட்டினால்தான் சார்ஜ் ஏறும், அதுவும் ஓட்டுகிற மாதிரி ஓட்டினால். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதெல்லாம் கணக்கில் வராது. விரைவுச்சாலையில் நிற்காமல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் போக வேண்டும். பிஐஇ விரைவுச்சாலையில் சாங்கி முனையிலிருந்து துவாஸ் முனை வரை 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஒரு நடை போய் வாருங்கள். வாராவாரம் ஜோகூர் போகிறேனே என்பவர்கள் கவனிக்கவும்: உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்ததை ஓட்டியதாகச் சேர்க்காதீர்கள். அந்த வேகத்தில், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தருவதில் பெரும்பங்கு ஏசிக்கும் விளக்குக்கும் சரியாகப் போய்விடும்.

"ஸ்டார்ட் ஆகுதே, அப்புறம் என்ன?" என்பது இன்னொரு ஏமாற்று. குளிர் நாடுகளில் பேட்டரி பலவீனமானால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும், ஆளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இங்கே எஞ்சின் ஆயில் எப்போதும் இளகியே இருப்பதால் பாதி சார்ஜிலும் வண்டி சட்டென்று கிளம்பிவிடும். கிளம்பிக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் வெறும் 'டிக் டிக்' சத்தம்தான் வரும். அந்தப் பாதி சார்ஜில் நின்ற நாட்களில் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிக்கொண்டிருக்கும், அது ஒரு கட்டத்துக்கு மேல் கரையாது. நம் வெப்பம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஈய அமிலப் பேட்டரிக்குக் குளிரைவிட வெயில்தான் பெரிய எதிரி.

ஆகவே ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம்தான். பலர் ஓட்டிவிட்டு வந்து இறங்கியதும் அளந்து, 12.9 என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அது மேலோட்டமான சார்ஜ், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தால்தான் உண்மை தெரியும்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே பார்த்தால் காத்திருக்காமல் சார்ஜ் ஏற்றுங்கள்.

டேஷ்கேம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யாராவது இடித்துவிட்டு ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் பார்க்கிங் மோடிலேயே விட்டுவிடுகிறோம், பயம் நியாயம்தான். ஆனால் 300 மில்லிஆம்பியர் இழுக்கிற கேமரா ஒரு நாளில் 7 ஆம்பியர்-அவர் குடிக்கும். மூன்று நாளில் அந்த 45-இல் பாதி காலி. தினமும் ஓட்டுகிறவருக்குச் சரி, ஒரு மாதம் சென்னை போகிறவருக்கு ஆகாது. பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்ற கட்-ஆஃப் அளவை 12.4-க்கு உயர்த்துங்கள், இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூண் ஓரமாக நிறுத்திவிட்டுப் போங்கள்.

நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் என் ஓட்டு நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பதற்குத்தான். பெரும்பாலான வண்டிகளில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கறுப்பு முனையை முதலில் கழற்றுவது, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவது. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோகும், அலாரம் வேலை செய்யாது, அவ்வளவுதான். பேட்டரி பின்னால் டிக்கிக்குள் இருந்து, டிக்கியும் மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால் மட்டும் மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சார்ஜர் வைத்துக் காப்பாற்றலாமே என்றால், தரைவீட்டுக்காரர்களுக்கு அது மிகச் சிறந்த வழி, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜராக இருக்கட்டும். வீவக அடுக்குமாடி கார் பார்க்கில் நமக்கு பிளக் பாயிண்ட் ஏது? பொது இடத்து மின்சாரத்தில் வயர் இழுக்க நினைக்காதீர்கள், வம்பு. சோலார் பேனலும் கூரைக்கடியில் வீண். பேட்டரியை வீட்டுக்குத் தூக்கி வந்து சார்ஜ் செய்கிறவர்களும் உண்டு. பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், டிராலி எடுத்துப் போங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும், அதனால் ஜன்னல் திறந்த இடமாக இருக்கட்டும், சாமி விளக்கு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது இறங்கினால் அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் வண்டி கண் திறக்காது.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் செய்கிறபோது கடைசிக் கறுப்புக் கிளிப்பை இறங்கிப்போன பேட்டரியின் மேலேயே மாட்டுவது பரவலான தவறு. சற்றுத் தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரிக்கு மேல் வாயு இருந்தால் பொறி ஆபத்து. வண்டி கிளம்பியதும் நேரே வீட்டுக்குப் போய் அணைத்தால் நாளைக்கும் இதே கதைதான். அடியோடு இறங்கிய பேட்டரியை நிறைக்கிற வேலைக்கு ஆல்டர்னேட்டர் செய்யப்படவில்லை, பிளக் கிடைக்கிற ஒர்க்‌ஷாப்பில் ஒரு ராத்திரி சார்ஜ் போடச் சொல்லுங்கள். லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருந்தால், திறந்தவெளியில் வெயிலில் காயும் காருக்குள் அதை விட்டுவைக்காதீர்கள்.

புதிது மாற்ற நேர்ந்தால், சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து கிளம்பும் வண்டிக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைதான் வேண்டும். பழையதன் மேலேயே எழுதியிருக்கும், கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "சாதா பேட்டரியே போதும், விலையும் கம்மி" என்று கடையில் சொன்னால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.