‘பெர்கஸ்’ பண்ணுவது என்றால் என்ன? தட்டிப் பார்த்தே பழகலாம்

தமிழாக்க வேண்டிய மருத்துவக் குறிப்பில் ‘மார்பு பெர்கஸ் (percuss) செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வரும். அகராதியைப் புரட்டினால் ‘தட்டு, அடி’ என்று போட்டிருக்கும். அதை நம்பி ‘நோயாளியின் மார்பில் தட்டினார்கள்’ என்று எழுதினால், புரை ஏறியவருக்கு முதலுதவி செய்தது போல ஆகிவிடும்.

படி 1: ‘பார்’ என்பதைச் சேருங்கள்

தமிழில் தட்டுவது வேறு, தட்டிப் பார்ப்பது வேறு. கதவைத் தட்டுகிறோம், சுவருக்குள் பொள்ளலா என்று அறியத் தட்டிப் பார்க்கிறோம். பெர்கஸ் என்பது இரண்டாவது வகை: உடலைத் தட்டி, எழும் ஒலியை வைத்து உள்ளே இருப்பதை அறிவது. அதில் விரல் செய்வது பாதி வேலைதான், மீதி காதுக்கு.

இந்த முறையை 1761இல் வியன்னாவில் நூலாக வெளியிட்டவர் லியோபோல்ட் ஆவன்புரூகர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். மது பீப்பாயைத் தட்டி உள்ளே எதுவரை நிரம்பியிருக்கிறது என்று அறிவதைப் பார்த்துத்தான் மகனுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1808இல் நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் பரவியது.

படி 2: கையால் செய்து பாருங்கள்

ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் பொருள் மறக்காது.

இடது கை நடுவிரலை (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்) வலது காறை எலும்புக்குக் (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே முன்பக்கம் இருப்பது) கீழே, விலா இடைவெளியில் அழுத்தி வையுங்கள். மற்ற விரல்கள் மார்பில் படக் கூடாது. பட்டால் ஒலி அமுங்கிவிடும். வலது நடுவிரலை வளைத்து அதன் நுனியால், வைத்த விரலின் நகத்துக்கு அடுத்த மூட்டில் இரண்டு தட்டு. அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். தட்டியதும் விரலைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். நகம் வெட்டியிருப்பது நல்லது, இல்லாவிட்டால் மூட்டுதான் பாவம்.

கணீரென்று ஒரு ஒலி வரும். அடியில் காற்று நிறைந்த நுரையீரல். அப்படியே ஒவ்வொரு இடைவெளியாகக் கீழே இறங்குங்கள். ஐந்தாவது, ஆறாவது விலா அருகே ஒலி சப்பென்று ஆகும். அங்கே கல்லீரல் தொடங்குகிறது. அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தித் தட்டுங்கள். மறுபடி கணீர்! நுரையீரல் விரிந்து கல்லீரல் கீழே இறங்கியிருக்கும்.

இது ஒலியைப் பழக மட்டும். நோய் கண்டுபிடிக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 3: ஒலிக்குப் பெயர்

கணீரென்பது ‘ரெசனன்ட்’, சப்பென்பது ‘டல்’, தமிழில் ‘மந்தம்’. இடது விலாவுக்குக் கீழே, இரைப்பையில் காற்று இருந்தால் மேளம் போலக் கேட்பது ‘டிம்பானிக்’. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் கல்லைத் தட்டியது போல இருக்கும்; அதை ‘ஸ்டோனி டல்’ என்பார்கள்.

படி 4: வாக்கியத்தில் வைப்பது

இந்த வினைக்குச் செயப்படுபொருள் ஆள் அல்ல, உடற்பகுதி. ‘நோயாளியைப் பெர்கஸ் செய்தார்’ என்பதைவிட ‘வலது மார்பைப் பெர்கஸ் செய்தார்’ என்பதே சரி. கூடவே என்ன கேட்டது என்பதும் வர வேண்டும். ‘இரு பக்கமும் ஒரே மட்டத்தில் தட்டிப் பார்த்ததில் வலது கீழ்ப்பகுதி மட்டும் மந்தமாகக் கேட்டது’ என்பது முழுமையான வாக்கியம். ‘பெர்கஷனுக்கு மந்தம்’ (‘பெர்கஷன்’ என்பது பெர்கஸ் செய்வதன் பெயர்ச்சொல்) என்று எழுதுவது என் கண்ணில் அரைகுறை மொழிபெயர்ப்பு.

ஓர் இடத்தில் மட்டும் உஷார். பிசியோதெரபி குறிப்பிலும் ‘பெர்கஷன்’ வரும். அங்கே உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, சளி இளகுவதற்காக நெஞ்சிலும் முதுகிலும் தட்டுகிறார்கள். எந்த ஒலியையும் தேடுவதில்லை. அதனால் அங்கே ‘பார்’ வேண்டாம், ‘தட்டிக்கொடுத்தார்’ என்றே எழுதலாம்.