‘ஒருக்கால் வந்துவிட்டுப் போ மகன்’ என்று கேட்பதற்கு முன்

தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஓர் அம்மா, செல்போனைச் சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்து, இங்கிலாந்தில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் வாங்கியாயிற்று. “ஒருக்கால் வந்துவிட்டுப் போ மகன்” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய தஞ்சக் கோரிக்கை, அதாவது அகதியாக ஏற்றுப் பாதுகாப்பு தரும்படி அந்த நாட்டிடம் கொடுத்த விண்ணப்பம், இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அந்தக் குனிந்த தலைதான் இதை எழுத வைத்தது. தஞ்சம் கேட்டவர்கள் அவசரப்பட்டு எடுக்கும் பல முடிவுகள், இங்கிருந்து நாம் பேசும் பேச்சில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே கிளம்புவது. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறினால், கோரிக்கையைக் கைவிட்டதாகவே பிரிட்டன் எடுத்துக்கொள்ளும். முன்னனுமதி வாங்காமல் போனால் அமெரிக்காவிலும் அதே கதிதான். அனுமதியோடு போனாலும், போன இடம் சொந்த நாடாக இருந்தால் சிக்கல் தீராது. “இலங்கைக்கா கூப்பிடுகிறோம்? இந்தியாவுக்குத்தானே?” என்று முகாமில் பலரும் கேட்கிறார்கள். நிலுவைக் காலத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் வெளியேறியது வெளியேறியதுதான். பாரிஸில் இருந்துகொண்டு சூரிச்சில் நடக்கும் சடங்குக்கு ரயிலேறுவதும் இதில் சேர்த்தி. விண்ணப்பதாரருக்குக் கொடுக்கும் சான்று பயண ஆவணம் ஆகாது.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தருவது: சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுப்பது. அந்த மகனிடம் ஓர் ஏஜெண்ட், “பழையது தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதியது வாங்கிவிடலாம்” என்று சொல்லியிருக்கிறார். பழையது தொலையவில்லை, பிரிட்டன் உள்துறை அலுவலகத்தின் கையில் இருக்கிறது. ஆக, எழுதிக் கொடுப்பதே பொய். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ‘என் அரசாங்கம் எனக்குப் பாதுகாப்பு தராது’ என்று சொன்னவர் அதே அரசாங்கத்தின் பாஸ்போர்ட்டை வாங்கினால், சொன்ன காரணமே ஆட்டம் காணும். அகதி நிலை கிடைத்த பிறகும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாக விரும்பி மீண்டும் நாடினால் அகதி நிலை முடிந்துவிடும் என்று 1951 அகதிகள் உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடாததால், இந்த விதி நம் முகாம்களில் பேச்சுக்குக்கூட வருவதில்லை. கனடாவில் 2012 டிசம்பர் முதல் இப்படி அகதி நிலையை இழப்பவர்கள் நிரந்தர வதிவுரிமையையும் (பி.ஆர்.) சேர்த்தே இழக்கலாம். ‘பி.ஆர். கிடைத்துவிட்டது, இனிப் பயமில்லை’ என்று ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அகதி நிலை கிடைத்தவருக்கு வழி இருக்கிறது. நீல மேலட்டை, அதன் இடது மேல் மூலையில் இரண்டு கறுப்புக் கோடுகள்: பிரிட்டனும் ஜெர்மனியும் கொடுக்கும் அகதிப் பயண ஆவணத்தை அப்படித்தான் அடையாளம் காணலாம். இலங்கையைத் தவிர்த்த பயணத்துக்கு என்ற குறிப்பு உள்ளே இருக்கும். அதை வைத்துக்கொண்டு இந்திய இ-விசாவுக்கு முயன்று நாளைக் கழிக்க வேண்டாம். பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு இ-விசா கிடையாது. இந்தியத் தூதரகம் வழியாக வழக்கமான விசாதான் கேட்க வேண்டும். விசா கைக்கு வராமல் டிக்கெட் எடுக்கக் கூடாது, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டக் கூடாது.

வந்தவரை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறீர்களா? அவர் வெளிநாட்டவர் என்பதால், தங்கவைக்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். “நம்ம பையன்தான்” என்று சொல்லி அறை எடுத்துவிடாமல் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகாமிலிருந்து நீங்களும் உடன் போய்த் தங்குவதாக இருந்தால், முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், போனில் அழுவதோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவமனைச் சீட்டைத் தெளிவாகப் படமெடுத்து, டாக்டரிடம் தேதியோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். மகன் அதை வழக்கறிஞரிடம் காட்டட்டும். ஏஜெண்டிடம் வேண்டாம்.