துகள் திரும்பிய இடம்

பிளஸ் டூ படிக்கும் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். நேர்கோட்டில் நகரும் ஒரு துகள். ந விநாடியில் அது இருக்கும் இடம் ந³ − 6ந² + 9ந மீட்டர். முதல் 4 விநாடிகளில் கடந்த மொத்தத் தொலைவு என்ன? ந-வுக்கு 4 போட்டேன். 64 − 96 + 36, ஆக 4 மீட்டர். விடைப் பகுதியிலோ 12. அச்சுப்பிழை என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியே விட்டேன். அப்பாக்களுக்கே உரிய தைரியம்!

மகள் நம்பவில்லை. ஸ்கேல்மேல் ரப்பரை வைத்து விநாடிக்கு விநாடி நகர்த்திக் காட்டினாள்: 0, 4, 2, 0, 4. போன ரப்பர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடியும் போனது. நான் கண்டுபிடித்தது வெறும் இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்துக்கும் கடைசியில் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

பிறகுதான் ஒழுங்காக வகையிட்டேன், அதாவது இடம் ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்கிட்டேன். திசைவேகம் 3ந² − 12ந + 9, அதாவது 3(ந − 1)(ந − 3). முதல் விநாடியின் முடிவிலும் மூன்றாவது விநாடியின் முடிவிலும் அது பூச்சியம். இடையில் எதிர்க்குறி, துகள் பின்னோக்கி வருகிறது. அந்த இரு இடங்களிலும் வெட்டித் தனித்தனியாகக் கூட்டினால் 4 + 4 + 4 = 12. திசைவேகத்தைத் தொகையிட்டு, அதாவது கணத்துக்குக் கணம் நகர்ந்ததைக் கூட்டிச் செய்தாலும் இதே வெட்டு வேண்டும். இல்லாவிட்டால் நடுத்துண்டு கழிந்துபோய் மறுபடி 4-இல்தான் வந்து நிற்கும்.

ஓரத்தில் எழுதியதை அந்த ரப்பராலேயே அழித்தேன்.