கோலாலம்பூரில் ஒரு பகல்: அடுத்த விமானத்துக்கு முன் குடும்பத்தோடு ஒரு சுற்று

சென்னையிலோ திருச்சியிலோ நள்ளிரவில் ஏறினால் விடியும்போது கோலாலம்பூர். அடுத்த விமானம் இரவில்தான் என்றால் விமான நிலைய நாற்காலியில் பகலைக் கழிக்கத் தேவையில்லை. ஆனால் இடைவெளி பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால் குழந்தைகளோடு வெளியே போகாதீர்கள். குடிநுழைவு வரிசை, போக வர பயணம், திரும்பிவந்து பாதுகாப்புச் சோதனை என்று ஆறு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் 2026 டிசம்பர் 31 வரை விசா வேண்டாம். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அட்டை. இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட் என்றால் பெட்டிகள் பெரும்பாலும் நேரே போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பெட்டி வைப்பகத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், தாத்தாவின் கடிகாரம் மாறாது.

விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் எனும் விமான நிலைய ரயில், ஊருக்குள் உள்ள முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு டெர்மினல் 1இலிருந்து 28 நிமிடத்திலும், டெர்மினல் 2இலிருந்து 33 நிமிடத்திலும் போய்விடும். பெரியவருக்கு 55 ரிங்கிட். இரண்டு பெரியவர் என்றாலே 110 ஆகிறது. கிராப் கார் (போன் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பெட்டியும் நாலு பேரும் என்றால் ஆறு இருக்கை வண்டியாகப் போடுங்கள். போகும்போது எதில் போனாலும் சரி, திரும்பும்போது மட்டும் ரயில்தான். மாலை நேரத்து நெடுஞ்சாலை நெரிசல் ஒன்றரை மணி நேரத்தையும் விழுங்கிவிடும்.

ஒரு பகலுக்கு இரண்டு இடம் போதும்: காலையில் பத்துமலை முருகன் குகைக்கோயில், மதியத்துக்கு மேல் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். மூன்றாவதைச் சேர்த்தால் குழந்தைகள் அழ ஆரம்பிப்பார்கள், பெரியவர்கள் சண்டை போட ஆரம்பிப்பார்கள். வரிசையையும் மாற்றாதீர்கள். பிற்பகலில் இடி மழை பிடிக்கும் ஊர் இது. நனைந்த படிக்கட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆபத்து.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொமுட்டர் எனும் புறநகர் ரயில் பத்துமலை அடிவாரத்துக்கே போகிறது. அதில் நடுவே இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும். குடும்பமாக வருகிறவர்கள் தெரியாமல் ஏறி, அப்பா மட்டும் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவது வழக்கம். இந்த ரயில் அடிக்கடி வராது. வந்து இறங்கியதும் திரும்பும் நேரங்களைப் பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் காத்திருக்காமல் கிராப் போடுங்கள்.

2006இல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். அதன் பக்கத்தில் குகைக்கு ஏற 272 படிகள். ஐந்து வயதுப் பிள்ளை நின்று நின்று ஏறிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே உள்ள சன்னிதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். முழங்கால் தெரியும் உடை கூடாது. தள்ளுவண்டி இங்கே சுமைதான், குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொள்ளும் பை நல்லது.

பெரிய தொந்தரவு குரங்குகள். அவை முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கின்றன. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பது எழுந்து வரும். முதுகுப்பையின் பக்கவாட்டில் செருகிய தண்ணீர் பாட்டிலையும் உருவிவிடும். பிஸ்கட், பழம், பாட்டில் எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை மூடிவிட்டு ஏறுங்கள். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும். தைப்பூச நாட்களில் இடைநிறுத்தம் அமைந்தால், குழந்தைகளோடு இந்தப் பக்கமே வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கே.எல். சென்ட்ரல் திரும்பி, நூ சென்ட்ரல் கடைத்தொகுதி வழியாக வெளியே நடந்தால் இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ். தமிழிலேயே கேட்டு வாழை இலைச் சாப்பாடு சாப்பிடலாம். கடைக்காரர் ‘பத்து வெள்ளி’ என்றால் பத்து ரிங்கிட், பதற வேண்டாம். தேநீருக்கு ‘தே’ என்று கேட்டால் கெட்டிப்பால் போட்டு இனிக்க இனிக்க வரும். சர்க்கரை ஆகாதவர்களுக்கு ‘தே ஓ கோசோங்’ — பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. நகர ரயிலில் ஐந்தாவது நிலையம், இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி. ஒருவழிப் பயணத்துக்கு இயந்திரம் தருவது நீல நிற வட்ட பிளாஸ்டிக் வில்லை. ஏறும்போது கதவில் தொட்டால் போதும், இறங்கும்போது துவாரத்தில் போட்டால்தான் கதவு திறக்கும். சட்டைப் பொத்தான் மாதிரி இருப்பதால் பிள்ளைகள் தொலைப்பார்கள். எல்லாருடையதையும் ஒருவரே வைத்திருங்கள்.

452 மீட்டர் கோபுரத்தின் மேல் ஏறுவது இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது: குறித்த நேர டிக்கெட், திங்கட்கிழமை விடுமுறை. கோபுரத்தின் அழகு கீழே பூங்காவிலிருந்து பார்த்தால்தான். அங்கே பிள்ளைகள் கால் நனைக்கும் ஆழமில்லாத குளமும் விளையாட்டு இடமும் உண்டு. மாற்றுத் துணி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். மழை வந்தால் பக்கத்திலேயே சூரியா கடைத்தொகுதி.

விமான நேரத்துக்கு நாலு மணி நேரம் முன் பூங்காவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து வரும் ரயில் முதலில் டெர்மினல் 1இல் நிற்கும், பிறகுதான் டெர்மினல் 2. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தவறான இடத்தில் இறங்கிவிட்டால் பதறி டாக்சி தேடாதீர்கள். அதே தடத்து ரயிலில் மூன்று நிமிடம்தான்.