ஊர்ப்பெயரை விழுங்கிய எழுத்துரு

காரைக்குடியில் அழைப்பிதழ் வடிவமைக்கப் பழகும் பிள்ளைகள் போடோனி, டிடோ வகை எழுத்துருக்களைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள். மயங்க வேண்டிய எழுத்துதான். நெடுங்கோடு முகப்பில் நிற்கும் தேக்குத் தூணைப்போலத் தடித்திருக்கும். குறுக்குக் கோடும் முனையில் வரும் செரிஃப் என்ற சிறுகோடும் ஊசியால் கீறியதுபோல இருக்கும். ஆனால் நான் பட்ட அடியையே அவர்களும் படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. எழுத்துப்பிழை, தேதிப்பிழை எல்லோருக்கும் தெரிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்பு எழுத்தை முகவரிக்கும் போடுவது

12 ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தானில் ஒரு திருமணம். மணமக்கள் பெயரை 48 பாயின்டில் வைத்தேன். மலேசிய உறவினர்களுக்காக ஊரையும் வீட்டு முகவரியையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதே எழுத்துருவில், 7 பாயின்டில் அடியில் சேர்த்தேன். அரக்குப் பின்னணி, வெள்ளை எழுத்து. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

ஆயிரம் அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. பெரியவர் ஒன்றை எடுத்து, வளவின், அதாவது வீட்டு நடுமுற்றத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊர் எங்கே, தம்பி?" என்று கேட்டார்.

இவ்வகை எழுத்தில் ஆங்கில 'என்'னின் இரு கால்களும் மயிரிழைதான். நடுவிலுள்ள சாய்கோடு மட்டும் தடிமன். 'ஏ'யில் இடச் சாய்வும் குறுக்குக் கோடும் மயிரிழை. வலச் சாய்வுதான் தடிமன். அந்த ஊர்ப்பெயரில் 'என்' இரண்டு, 'ஏ' நான்கு. மயிரிழைகள் மூடிக்கொண்டதில் ஆறு எழுத்தும் ஒன்றுபோலச் சாய்கோடுகளாக நின்றன. மறு அச்சுக்கான செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

காரணம் இதுதான். மயிரிழை எழுத்தளவில் நூறில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், 7 பாயின்டில் அது சுமார் 0.05 மில்லிமீட்டர். வெள்ளை எழுத்து என்பது மை படாத வெறும் காகிதம். சுற்றியுள்ள மை சற்றுக் கசிந்தாலும் அந்த இடம் மூடிவிடும். நான் அரக்கைப் பல மைகளின் கலப்பாக அடித்திருந்தேன். ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு; அதில் ஒன்று இம்மி விலகினாலும் போதும்.

இந்த எழுத்துக்குப் பெயர் தந்த இத்தாலிய அச்சுக்கலைஞர் போடோனி (1740–1813) காலத்து ஈய எழுத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வெட்டினார்கள். சிற்றளவுக்குக் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்க அதில் இடமிருந்தது. நாம் ஒரே வடிவத்தைச் சுருக்கி எல்லா இடத்திலும் போடுகிறோம். 1994-இல் வந்த, ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனத்தின் போடோனியில் 6, 12, 72 பாயின்டுகளுக்கென மூன்று தனி வடிவங்கள் உண்டு. அப்படிப்பட்டதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 24 பாயின்டுக்குக் கீழே வேறு எழுத்துக்குப் போய்விடுங்கள். அரக்கைத் தனி மையாக அடித்தால் தகடு விலகும் கவலை தீரும். மை கசிவது தீராது.

இழுத்து அகலமாக்குவது

வேண்டாம். நெடுங்கோடு பருக்கும், குறுக்குக் கோடு அப்படியே கிடக்கும்.

செயற்கை போல்டு

எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருளே கோட்டைப் பருக்க வைப்பது இது. ஒருபோதும் வேண்டாம்.

சொரசொரப்பான அட்டையில் தங்க மை

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மயிரிழை அறுந்து அறுந்து விழும். வழவழப்பான அட்டை வாங்குங்கள்.

தமிழுக்குப் பக்கத்தில் வைப்பது

சீரான கோடுள்ள தமிழ் எழுத்துக்கு அருகில் போடோனி ஒட்டாமல் நிற்கும். தடிப்பும் சன்னமும் உள்ள தமிழ் எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்து, 'ண', 'ஞ' இரண்டையும் அச்சாகப்போகும் அதே அட்டையில் முதலில் அடித்துப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை அடைத்துக்கொண்டால் எழுத்தை இன்னும் இரண்டு பாயின்ட் பெரிதாக்குங்கள்.