ஆட்டோமேட்டிக் கார் உதறுகிறதா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் உதறத் தொடங்கினால், சிலர் ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். சிலர் முதல் மெக்கானிக் சொன்ன உடனே கியர்பாக்ஸை இறக்கச் சம்மதித்துவிடுவார்கள். இரண்டும் தப்புதான். ஆனால் பர்ஸைக் காலி செய்வது இரண்டாவது.

என் மச்சானின் செடான் எழுபதில் போகும்போது, லேசான மேடு வந்தால் உதறும். ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெரிய எஸ்டிமேட் கொடுத்தார்கள். கடைசியில் போயிருந்தது ஒரே ஒரு இக்னிஷன் காயில், அதாவது பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுக்கும் பாகம். இன்ஜின் மிஸ்ஸிங்கும் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) கியர்பாக்ஸ் உதறலும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அதனால் பிளக், காயில், இன்ஜின் மவுண்டிங் மூன்றையும் பார்க்காமல், ஸ்கேனர் போட்டு எரர் கோடு படிக்காமல் கியர்பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியாக (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகை) இருந்தால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. காலியான சாலையில், சீரான வேகத்தில் உதறல் வரும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை இடது காலால் லேசாகத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் சுவிட்ச் வேலை செய்ததும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவைக்க கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் விட்டுவிடும். அந்த நொடியே உதறல் நின்றால் சந்தேகம் லாக்-அப் மேல். நிற்காவிட்டால் இன்ஜின் பக்கம் தேடுங்கள்.

அடுத்த தவறு, தன் வண்டியில் இருப்பது எந்த வகை என்றே தெரியாமல் ‘கியர் ஆயில் மாத்திப் பாருங்க’ என்பது. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன: மேலே சொன்ன டார்க் கன்வெர்ட்டர், இரட்டை கிளட்ச் கொண்ட டிஎஸ்ஜி வகை, மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் ஏஎம்டி, கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடி. போலோ ஜிடி டிஎஸ்ஐயில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்சும் டிரை கிளட்ச். கியர் ஆயில் அவற்றைத் தொடவே தொடாது. டிராஃபிக்கில் ஊர்ந்து சூடேறி, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது அது உதறினால், ஆயில் மாற்றிக் கொடுத்த காசு வீண். கிளட்ச் தேய்மானத்தைத்தான் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வந்த ஆறு கியர் டிஎஸ்ஜியோ ஆயிலில் ஊறும் கிளட்ச். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். செலேரியோ போன்ற ஏஎம்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கிளட்ச் பிளேட். கிளட்சை மிதித்து கியர் மாற்றும் வேலையை மட்டும் மோட்டாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. பிளேட் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்து கிளட்ச் லேர்னிங் (புது பிளேட் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது) செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், புது பிளேட்டும் உதறும்.

சிவிடியில் கண்ட ஆயிலை ஊற்றுவதை மட்டும் மன்னிக்கவே முடியாது. அதன் ஸ்டீல் பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளத் தனியாகத் தயாரித்த ஆயில் அது. மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சாதாரண சிவப்பு ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லி கீறிவிடும். வண்டியோடு வந்த மேனுவல் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், ‘எல்லா வண்டிக்கும் போடலாம் சார்’ என்று கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும்.

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸில் ஒருமுறை டிரெயின் செய்தால் பாதி ஆயில்கூட வெளியே வராது. மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதற்காக மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் அடிப்பது, வருஷக்கணக்காக ஆயிலே மாற்றாத வண்டிக்கு ரிஸ்க். டிரெயின் செய்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்வதுதான் என் வழி. ஆயில் அளவையும் மேனுவல் புத்தகத்தில் சொன்ன சூட்டில்தான் பார்க்க வேண்டும். அளவு கூடினால் நுரைக்கும், குறைந்தால் பிரஷர் இறங்கும். இரண்டிலுமே கியர் சரியாக விழாது.

ஓட்டும் விதத்திலும் ஒன்று. மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் டிஎஸ்ஜி, ஏஎம்டி இரண்டுக்கும் எமன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இந்த உதறல் ஆயிலும் கிளட்சும் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அதில் பாதி நெரிசலில்.